ட்ரோன் நடுங்குகிறதா? எண்ணைத் தொடும் முன் கொஞ்சம் பேசுவோம்

சொந்தமாக ட்ரோன் கட்டுவது பற்றிப் போன இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலரில் பி, ஐ, டி என்று மூன்று எண்கள் இருக்கின்றனவே, அவற்றை எவ்வளவு வைப்பது? அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் நண்பரும் ஒரே ஃப்ரேம், ஒரே மோட்டார் வாங்கி 5 அங்குல ட்ரோன் கட்டினோம். அவருடையது அலுங்காமல் பறக்கிறது. அவருடைய பிஐடி எண்களை அப்படியே என்னுடையதில் போட்டேன், என்னுடையது நடுங்குகிறது. இந்த மூன்று எண்களும் உண்மையில் என்னதான் செய்கின்றன? சூத்திரம் வேண்டாம், புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.

பதில்: சூத்திரம் இல்லாமலே சொல்லலாம், ஏனென்றால் இந்த யோசனை பிறந்ததே ஒரு மனிதரின் கையைப் பார்த்துத்தான். 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் கப்பலைத் தானாகத் திசை பிடித்து ஓட்டுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சுக்கான் பிடிக்கும் அனுபவசாலி என்ன செய்கிறார் என்று அவர் கவனித்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அவர் சுக்கானைத் திருப்புவதில்லை. இவ்வளவு நேரமாக எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பதையும், இப்போது எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறார். இப்போதைய விலகல், சேர்ந்துவந்த விலகல், விலகல் மாறும் வேகம். பி, ஐ, டி என்பவை இந்த மூன்றும்தான்.

உங்கள் ட்ரோனுக்கு வருவோம். ரோல், அதாவது இடவலமாகச் சாய்க்கும் ஸ்டிக்கைத் தள்ளி நொடிக்கு 200 டிகிரி திரும்பச் சொல்கிறீர்கள். சுழலும் வேகத்தை அளக்கும் கைரோ 150 தான் திரும்புகிறது என்கிறது. 50 குறைகிறது. அந்த 50-ஐ எவ்வளவு கோபமாகத் துரத்துவது என்பது பி. குறைவாக வைத்தால் ட்ரோன் சோம்பலாகத் தொளதொளவென்று இருக்கும், அதிகமானால் இலக்கைத் தாண்டிப்போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, அதுவே நடுக்கமாகிவிடும். ஒரு கோலை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். கோல் லேசாகச் சாய்ந்ததும் கையைப் பதறி நகர்த்தினால் அது மறுபக்கம் விழப் பார்க்கும். பழகின கை என்ன செய்யும்? கோல் நிமிர்ந்துகொண்டு வரும்போதே, நேராக நிற்பதற்கு முன்னாலேயே, நகர்த்துவதை நிறுத்தத் தொடங்கிவிடும். அந்த முன்கூட்டிய நிதானம் டி. பி தள்ளுகிறது என்றால் டி பிடித்து நிறுத்துகிறது. ஐ பொறுமைசாலி. பேட்டரி கொஞ்சம் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது, காற்று ஒரு பக்கமாக வீசுகிறது என்று நிரந்தரமாக ஒரு இழுப்பு இருந்தால் அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து ஈடுகட்டும்.

சரி, நண்பரின் எண் உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை? இந்த எண்கள் ஃப்ரேமுக்கோ மோட்டாருக்கோ தனியாகச் சொந்தமில்லை, அந்த முழு உடலுக்குச் சொந்தம். கேமராவை மையத்தில் இருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், சுழல்வதற்கு அது காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகும், ஏனென்றால் அந்த எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ப்ராப் என்ற விசிறியின் இறக்கைச் சாய்வு வேறு என்றால் உந்துவிசை வேறு. கன்ட்ரோலருக்கு அடியில் உள்ள ரப்பர் இறுக்கமாக இருந்தால் அதிர்வு வேறு. அவருடைய பேரிங் புதிது, உங்களுடையது ஒரு முறை மண்ணைத் தொட்டது. இத்தனையையும் சேர்த்துத்தான் அவருடைய எண் அவருக்குப் பொருந்தியது. அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படிக்கிற மாதிரிதான் இது, எப்போதாவது பொருந்தும், பெரும்பாலும் தலைவலிதான்.

அதனால் முதலில் அந்த எண்களை அழித்துவிட்டு மென்பொருளோடு வரும் ஆரம்ப எண்களுக்கே திரும்புங்கள். பீட்டாஃப்ளைட் என்ற மென்பொருளின் 4.3-க்குப் பிந்தைய பதிப்புகளில் ரோல் பி 45, பிட்ச் எனப்படும் முன்பின் சாய்வுக்கு பி 47 என்று வரும். பிட்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் ஏன் என்றால், பேட்டரியும் கேமராவும் பெரும்பாலும் முன்பின்னாக நீளவாக்கில் உட்கார்வதால் அந்த அச்சில் சுழற்றுவது சற்றுக் கடினம். பெரும்பாலான 5 அங்குல ட்ரோன்கள் அந்த எண்களிலேயே நன்றாகப் பறக்கும். பறக்கவில்லை என்றால் எண்ணைச் சந்தேகிக்கும் முன் இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமா, ப்ராப்பில் விளிம்பு உடைந்திருக்கிறதா, மோட்டாரின் மேல்மூடியைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா, ஆன்டெனாவோ ஒயரோ கன்ட்ரோலர் போர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு 10 நிமிடம் போதும்.

அப்புறம் பறக்கவிடுங்கள். தானாகச் சமநிலைக்குத் திரும்பும் லெவல் மோடு வேண்டாம், அப்படித் திரும்பாத ஆக்ரோ மோடில் பாதுகாப்பான உயரத்தில் ஸ்டிக்கைச் சட்டென்று தள்ளிச் சட்டென்று விடுங்கள். ட்ரோன் நின்ற இடத்தில் ஒரே ஒரு முறை பின்னால் எகிறித் திரும்பினால் பி-யோடு ஒப்பிடும்போது டி போதவில்லை. டி-யைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது பி-யைக் கொஞ்சம் இறக்குங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். எகிறல் போனபிறகு இரண்டையும் அதே விகிதத்தில் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம். பீட்டாஃப்ளைட்டில் இதற்கென்றே ஸ்லைடர் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஏற்றியதும் 30 நொடி பறந்து, இறக்கி, எல்லாம் நின்ற பிறகு நான்கு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். சூடு ஏற ஆரம்பித்தால் அல்லது ஒலியில் ஒரு கரகரப்பு வந்தால் ஒரு படி கீழே வந்து நிறுத்திவிடுங்கள். ஐ கடைசியில். வேகமாக முன்னால் சாய்ந்து பறக்கும்போது த்ராட்டிலை ஏற்றி இறக்கிப் பாருங்கள், மூக்கு தானாக மேலேயோ கீழேயோ நழுவினால் ஐ குறைவு. மெதுவான, கண்ணால் எண்ணக்கூடிய ஆட்டம் வந்தால் ஐ அதிகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தவறுவது இங்கேதான். ஸ்டிக்கைத் தள்ளினால் ட்ரோன் உடனே கேட்பதில்லை என்று பி-யை ஏற்றிக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஃபீட்ஃபார்வர்டு என்ற நான்காவது எண். அது கைரோவைப் பார்ப்பதே இல்லை, உங்கள் ஸ்டிக் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை மட்டும் பார்த்து முன்கூட்டியே மோட்டாரைத் தட்டிவிடும். கைரோவைப் பார்க்காததால் பி மாதிரி இது தனக்குத்தானே துரத்தி நடுக்கத்தை உண்டாக்காது. அதிகமானால் ஸ்டிக் அசைவின் தொடக்கத்திலும் முடிவிலும் வெடுக்கென்று தாண்டிப்போகும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, முதல் ட்ரோன். ப்ராப் மாட்டாமல் மேசைமேல் வைத்து த்ராட்டிலை லேசாக ஏற்றினேன். நான்கு மோட்டாரும் வேறு வேறு வேகத்தில் போகின்றன, கையால் லேசாகச் சாய்த்தால் இரண்டு மோட்டார் மட்டும் ஏறிக்கொண்டே போய் முழு வேகத்துக்குப் போய்விடுகிறது, த்ராட்டிலை இறக்கினாலும் உடனே இறங்குவதில்லை. கன்ட்ரோலர் பழுதா?

பதில்: பழுது இல்லை தம்பி, அது தன் வேலையைத்தான் செய்கிறது. சாய்ந்ததும் திருத்தப் பார்க்கிறது. ப்ராப் இல்லாததால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ட்ரோன் அசையாது. "இவ்வளவு தள்ளியும் திரும்பவில்லையே" என்று ஐ அந்தக் குறையைச் சேர்த்துக்கொண்டே போகும், மோட்டாரை இன்னும் ஏற்றும். ஏர்மோடு என்ற அமைப்பைப் போட்டிருந்தால் த்ராட்டில் கீழே இருக்கும்போதும் இது நடக்கும். ப்ராப் இல்லாத மேசையில் பிஐடியைச் சோதிக்க வழியே இல்லை, அதை வைத்து எண்ணை மாற்றாதீர்கள்.

மேசையில் சோதிக்க வேண்டியது வேறு. கணினியில் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிகரேட்டரில் மோட்டார் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு மோட்டாராகச் சுற்றிப் பார்த்து, படத்தில் 1 என்று காட்டும் இடத்தில் 1 தான் சுற்றுகிறதா, திசை சரியா என்று பாருங்கள். ட்ரோனைக் கையில் எடுத்துச் சாய்த்தால் திரையில் உள்ள படமும் அதே பக்கம் சாய வேண்டும். தரையை விட்டு எழும்பும் முன்பே ஒரு ட்ரோன் குப்புறக் கவிழ்ந்தால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இதில் ஒன்றுதான்: மோட்டார் வரிசை, சுற்றும் திசை, ப்ராப்பைத் தலைகீழாக மாட்டியது, போர்டைத் திருப்பி வைத்ததை மென்பொருளுக்குச் சொல்லாதது. எந்த பிஐடி எண்ணும் அதைச் சரிசெய்யாது. இந்தச் சோதனைகள் எல்லாமே ப்ராப்பைக் கழற்றிவிட்டுத்தான். "ஒரு நிமிஷம்தானே" என்று மாட்டியபடியே செய்பவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: என் ட்ரோன் அருமையாகப் பறக்கிறது, நடுக்கமே இல்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் இறக்கினால் மோட்டாரைத் தொட முடியவில்லை, சுடுகிறது. பறப்பதில் குறை இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ மோட்டார் சுருள் எரியும், அது எரிவது நடுவானில்தான்.

கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்தான் இங்கே பிரச்சினை. டி என்பது மாற்றத்தின் வேகத்தைப் பார்ப்பது என்றேன் அல்லவா? வேகமாக அதிரும் எதுவும் அதன் கண்ணுக்குப் பூதாகரமாகத் தெரியும். நொடிக்கு 20 தடவை ஆடும் ஒரு ஆட்டமும், நொடிக்கு 200 தடவை அதிரும் ஒரு அதிர்வும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டி-க்கு இரண்டாவது 10 மடங்கு பெரிதாகத் தெரியும். முதலாவது ட்ரோனின் உண்மையான அசைவு, இரண்டாவது வெறும் மோட்டார் அதிர்வு. டி அந்த வெற்று அதிர்வை நம்பி மோட்டாருக்கு "ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு" என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான கட்டளை போடுகிறது. மோட்டாரால் அவ்வளவு வேகமாக ட்ரோனை அசைக்க முடியாது, ஆகவே உங்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் மின்சாரம் செலவாகிறது, அத்தனையும் வெப்பமாகிறது.

இதைத் தடுக்கத்தான் கைரோ தரும் செய்தியை வடிகட்டும் ஃபில்டர்கள். இங்கே ஒரு பேரம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி ட்யூனிங் முடிந்த மாதிரி. ஃபில்டரைப் பலமாக வைத்தால் இரைச்சல் போகும், கூடவே செய்தி தாமதமாக வரும். தாமதமான செய்தியை வைத்து நிதானப்படுத்த முடியாது. கோல் சாய்ந்து முடிந்த பிறகு கையை நகர்த்துவது போலாகிவிடும். ஃபில்டரைத் தளர்த்தினால் செய்தி சூடாக வரும், மோட்டாரும் சூடாகும். ஆகவே "எவ்வளவு ஃபில்டர்" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு இரைச்சல்" என்று கேட்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கி, ப்ராப்பை மாற்றி, கெட்ட பேரிங்கைத் தூக்கியெறிந்தால் இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே குறையும். அதற்குத் தாமதம் என்ற விலை கிடையாது.

பீட்டாஃப்ளைட்டில் ஆர்பிஎம் ஃபில்டர் இருக்கிறது, உங்கள் இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை, இருவழி டீஷாட் என்ற தகவல் முறையை ஆதரித்தால் கண்டிப்பாகப் போடுங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிறது என்றால் நொடிக்கு 300, அப்போது அதிர்வும் 300 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 600, 900-லும் வரும். ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை இஎஸ்சியே சொல்லிவிடுவதால், அந்த இடத்தை மட்டும் ஒடுக்கமாக வெட்டியெடுக்கலாம், மற்றதைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மோட்டாரில் எத்தனை காந்தம் என்று சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். 5 அங்குல மோட்டார்களில் பெரும்பாலும் 14, சிறிய மோட்டார்களில் 12 இருக்கும். இதைத் தவறாகக் கொடுத்தால் இரைச்சல் இல்லாத இடத்தை ஃபில்டர் வெட்டிக்கொண்டிருக்கும், இரைச்சல் தன் பாட்டுக்கு உள்ளே வரும். சுருளுக்குள் எட்டிப் பார்த்து எண்ணாதீர்கள், அங்கே தெரிவது செம்புச் சுருள் சுற்றிய பற்கள். காந்தங்கள் சுற்றும் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடு என்றால் டி-யைக் குறையுங்கள். ஒரே ஒரு மோட்டார் மட்டும் சூடு என்றால் அது எண் விவகாரமே இல்லை, அந்த மோட்டார், அந்தக் கை, அந்த ப்ராப்.

கேள்வி: யா அச்சுக்கு டி பூஜ்யம் என்று இருக்கிறது. தவறுதலாக அழித்துவிட்டேனா?

பதில்: இல்லை, அப்படித்தான் இருக்கும். யா, அதாவது மூக்கை இடம் வலமாகத் திருப்புவது, உந்துவிசையால் நடப்பதில்லை, ப்ராப்கள் காற்றில் சுற்றுவதால் வரும் எதிர்முறுக்கால் நடக்கிறது. அது பலவீனமான விசை, இலக்கைத் தாண்டி எகிறும் அளவுக்கு அதனிடம் தெம்பு குறைவு, ஆகவே பிடித்து நிறுத்த ஆள் தேவைப்படுவதில்லை.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். பி-யை மட்டும் ஏற்றிக்கொண்டே போய், நிற்காமல் ஆடத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதில் இருந்து மற்றவற்றைக் கணக்கிடும் சீக்லர், நிக்கோல்ஸ் முறையைப் பாடத்தில் படித்தோம். அதை ட்ரோனில் செய்து பார்க்கலாமா?

பதில்: 1942-ல் வந்த முறை அது. ஆட்டம் நிலைக்கும் பி மதிப்பில் 0.6 பங்கை எடுத்துக்கொள், ஆட்டத்தின் கால அளவில் பாதி ஐ-க்கு, எட்டில் ஒரு பங்கு டி-க்கு. தொழிற்சாலைகளில் வெப்பநிலை, அழுத்தம் போன்ற மெதுவான விஷயங்களைக் கட்டுப்படுத்துவதற்காகப் பிறந்தது. அங்கே ஒரு தொட்டி ஆடினால் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்க்கலாம். ட்ரோனில் அந்த விளிம்பைத் தாண்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. ஆட்டம் வளரும்போது ஒரு பக்க மோட்டார்கள் முழு வேகத்தையும் மறுபக்கம் மிகக் குறைந்த வேகத்தையும் தொட்டுவிடும், அதற்கு மேல் திருத்த இடமில்லை, நேராகத் தரைதான். இரண்டாவது, அந்த முறை தரும் எண்கள் இயல்பாகவே முரட்டுத்தனமானவை, கணிசமாக எகிறும். தொட்டிக்கு அது பரவாயில்லை, கேமரா தூக்கும் ட்ரோனுக்கு அல்ல.

ஆனால் அந்தப் பாடம் வீண் என்று சொல்லவே மாட்டேன். ஆட்டம் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதே நோயைக் காட்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வருவதுதான். பறக்கும்போது எல்லாவற்றையும் குறித்துவைக்கும் பிளாக்பாக்ஸ் பதிவைத் திறந்து, கேட்ட வேகத்தையும் கைரோ காட்டிய வேகத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்கள் கல்லூரியில் படித்த ஸ்டெப் ரெஸ்பான்ஸ், அதாவது திடீர்க் கட்டளைக்கு வரும் பதிலைக் காட்டும் கோடு, அப்படியே உயிரோடு தெரியும், எனக்கு இன்றும் அதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ப்ரொஜெக்டுக்கு வேண்டுமானால் ஒரே அச்சில் மட்டும் சுழலும்படி ட்ரோனைத் தாங்கியில் பிணைத்து, கூண்டுக்குள் வைத்து அந்த முறையைச் செய்து பாருங்கள். பறக்கவிட்டுச் செய்யாதீர்கள்.

கேள்வி: முழு பேட்டரியில் ஆரம்பத்தில் மெல்லிய நடுக்கம், மூன்று நிமிடம் போனால் சரியாகிவிடுகிறது, கடைசியில் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. எந்த நேரத்துக்கு ட்யூன் செய்வது?

பதில்: நல்ல காதும் கண்ணும் உங்களுக்கு. லிப்போ பேட்டரியின் ஒரு செல் முழுதாக 4.2 வோல்ட், பாரம் இழுக்கும்போது கடைசியில் 3.5-க்கு வந்துவிடுகிறது என்று வைப்போம். ப்ராப் வேகம் ஏறக்குறைய வோல்ட்டேஜோடு சேர்ந்து இறங்கும், உந்துவிசை வேகத்தின் வர்க்கத்தோடு இறங்கும். 3.5-ஐ 4.2-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.69. அதாவது கன்ட்ரோலர் அதே கட்டளையைப் போட்டாலும் 30 சதவீதம் குறைவாகத்தான் விசை கிடைக்கிறது. நீங்கள் பி, ஐ, டி மூன்றையும் ஒன்றாக இறக்கிவிட்டதற்குச் சமம் இது.

ட்யூன் செய்வது முழு பேட்டரியில், ஏனென்றால் நடுக்கம் வரும் பக்கம் அதுதான். தொளதொளப்பு யாரையும் கீழே போடாது. பிறகு வோல்ட்டேஜ் சரிவை ஈடுகட்டும் வசதியைப் போடுங்கள். பீட்டாஃப்ளைட்டில் பேட்டரி சரிவு ஈடு என்று ஒன்று இருக்கிறது, ஆர்டுபைலட் என்ற இன்னொரு மென்பொருளில் பேட்டரியின் அதிகபட்ச, குறைந்தபட்ச வோல்ட்டைக் கொடுத்தால் போதும். முழு த்ராட்டிலில் மட்டும் நடுக்கம் வருகிறது என்றால் அது வேறு. மேல் வேகத்தில் ப்ராப்பின் ஒவ்வொரு கட்டளைக்கும் விளைவு அதிகம். அதற்கு டிபிஏ என்ற அமைப்பு, குறிப்பிட்ட த்ராட்டிலுக்கு மேல் எண்களைத் தானாகக் குறைக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கடிதம், 4 செல்லில் இருந்து 6 செல்லுக்கு மாறியதும் ட்ரோன் வெறிபிடித்த மாதிரி ஆகிவிட்டதாம். வோல்ட்டேஜ் ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது, வேறென்ன ஆகும்? எண்களைக் கணிசமாக இறக்க வேண்டும், அதற்கும் முன் அந்த மோட்டாரும் இஎஸ்சியும் 6 செல்லைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: மேலே இருந்து நேராக வேகமாக இறக்கும்போது மட்டும் குலுங்குகிறது. எந்த எண்?

பதில்: உங்கள் ப்ராப்கள் கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் இறங்குகிறது. ஒவ்வொரு ப்ராப்புக்கும் கணத்துக்குக் கணம் வேறு காற்று, விசை ஏறி இறங்குகிறது. முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கலாம். இரைச்சலைக் குறைத்து ஃபில்டர் தாமதத்தைக் குறைத்தால் கன்ட்ரோலர் சீக்கிரம் பதில் சொல்லும். டைனமிக் ஐடில் போட்டால் த்ராட்டில் கீழே இருக்கும்போதும் மோட்டார் மிகவும் மெதுவாகிவிடாமல் தயாராக இருக்கும், மோட்டார் சூடாகாத வரை டி-யைக் கொஞ்சம் ஏற்றியும் பார்க்கலாம். ஆனால் சுலபமான வழி உங்கள் கையில் இருக்கிறது. நேராக இறக்காமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டே இறக்குங்கள், புதிய காற்றில் இருப்பீர்கள். பெரிய, கனமான ட்ரோன் வைத்திருப்பவர்கள் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே நேராக வேகமாக இறக்குவது குலுக்கலோடு நிற்காது, பிடியே போய்விடும்.

கேள்வி: மருந்து தெளிக்கும் 10 லிட்டர் தொட்டியோடு ஆறு மோட்டார் ட்ரோன், ஆர்டுபைலட். ஆட்டோட்யூன் செய்யலாமா, கையால்தான் செய்ய வேண்டுமா? தொட்டி நிறைந்திருக்கும்போதா, காலியாகவா?

பதில்: ட்ரோனைத் தானே தட்டிப் பார்த்து எண்களைக் கண்டுபிடிக்கும் ஆட்டோட்யூன் நல்ல கருவி, நான் நம்புகிறேன். ஆனால் அது நோயாளியை நடக்கவைக்கும் மருந்து இல்லை, நடப்பவரை ஓடவைக்கும் மருந்து. முதலில் கையால் ஓரளவு வைத்து, உயரம் பிடிக்கும் மோடில் ஆடாமல் நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய ப்ராப் மெதுவாகத்தான் வேகம் மாறும், அதனால் கைரோ ஃபில்டர் சிறிய ட்ரோனில் வைப்பதைவிடக் கீழே, 20 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். உந்துவிசை வளைவு என்ற எண்ணும் ப்ராப் அளவைப் பொறுத்து மாறும். 5 அங்குலத்துக்கு 0.55, 10 அங்குலத்துக்கு 0.65, 20 அங்குலத்துக்கு 0.75 என்பது வழக்கமான தொடக்கம். இதைத் தவறாக வைத்துவிட்டு ட்யூன் செய்தால், ஒரே இடத்தில் நிற்கும்போது சரியாகவும் ஏறும்போது நடுங்கவும் செய்யும். பதிவில் அதிர்வு அளவு 30-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள், 60-ஐத் தாண்டினால் ட்யூனிங் பேச்சே வேண்டாம், முதலில் உடலைப் பாருங்கள்.

எந்த எடையில் என்பது முக்கியமான கேள்வி. காலித் தொட்டியில் உடல் லேசு, அதே எண் கூர்மையாக வேலைசெய்யும். நிறைந்த தொட்டியில் அதே எண் மந்தமாகும். நிறைந்த நிலையில் கூர்மையாக வைத்துவிட்டால், தெளித்து முடித்துக் காலியாகத் திரும்பும்போது நடுங்கத் தொடங்கும். அதனால் நான் காலியில் ட்யூன் செய்து நிறைந்த நிலையில் சரிபார்ப்பேன். பாதித் தொட்டியில் ஆட்டோட்யூன் செய்யவே வேண்டாம், தண்ணீர் அலைமோதும், ட்ரோன் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் பதிலுக்கு ஒரு தட்டு தட்டும், மென்பொருள் எதை அளக்கிறது என்றே தெரியாது. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருந்தால் பறப்பதற்கும் நல்லது.

காற்றில்லாத நேரமாகப் பாருங்கள், விடிந்ததும் நல்ல நேரம். மூன்று அச்சும் ஒரே பேட்டரியில் முடியாது போலத் தெரிந்தால் ஒவ்வொரு அச்சாகச் செய்ய வழி இருக்கிறது. நகர்ந்து போனால் ஸ்டிக்கைத் தொட்டு இழுத்து வாருங்கள். தொட்டதும் பழைய எண்களுக்குப் போய்க் காத்திருக்கும், விட்டதும் தொடரும். முடிந்ததும் ஆட்டோட்யூன் ஸ்விட்சைக் கீழே போட்டால் பழைய எண்கள், மேலே போட்டால் புதியவை, இரண்டையும் பறந்து ஒப்பிடலாம். புதியது பிடித்திருந்தால் ஸ்விட்ச் மேலே இருக்கும்போதே இறக்கி மோட்டாரை அணையுங்கள், அப்போதுதான் சேமிக்கும். கீழே போட்டு இறக்கிவிட்டு "என் ட்யூன் எங்கே போயிற்று" என்று எழுதிய மூன்று கடிதங்கள் இந்த மாதம் மட்டும்.

கேள்வி: போன வாரம் நன்றாக இருந்தது, இந்த வாரம் நடுங்குகிறது. எதையும் மாற்றவில்லை.

பதில்: நீங்கள் மாற்றவில்லை, அது மாறியிருக்கிறது. எண்கள் தாமாக மாறாது. சில வருடங்களுக்கு முன் இதே நிலையில் நான் இரண்டு வாரம் பி-யையும் டி-யையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன், ஒரு நாள் சரியான மாதிரி இருக்கும், மறுநாள் போய்விடும். கடைசியில் ஒரு கையின் அடியில் இருந்த ஸ்க்ரூ அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கினேன், பழைய எண்களைத் திரும்பப் போட்டேன், நடுக்கம் போயே போய்விட்டது. அந்த இரண்டு வாரம் இன்னும் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகு நன்றாகப் பறக்கும் நாளில் எல்லா அமைப்புகளையும் சேமித்துத் தேதி போட்டு வைக்கிறேன், ஒரு நிமிடப் பிளாக்பாக்ஸ் பதிவும் கூட. நடுங்கினால் புதிய பதிவைப் பழையதோடு ஒப்பிட்டால் போதும், புதிதாக முளைத்த அதிர்வு எந்த ஹெர்ட்ஸில் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஆக்ரோ மோடில் கல் மாதிரி நிற்கிறது. லெவல் மோடுக்கு மாற்றினால் ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆடுகிறது. ஜிபிஎஸ் நிலைப்பு மோடில் வட்டமடிக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து எந்த பிஐடி?

பதில்: மூன்றும் மூன்று அடுக்கு. இதுவரை பேசியதெல்லாம் உள்ளடுக்கு, சுழலும் வேகத்தைக் கவனிப்பது. அது உங்களிடம் சரியாக இருக்கிறது, தொடாதீர்கள். லெவல் மோடு அதற்கு மேலடுக்கு. எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற வேகத்தை உள்ளடுக்கிடம் கேட்கிறது. ஆர்டுபைலட்டில் இந்தக் கோண பி வழக்கமாக 4.5, அதாவது 10 டிகிரி பிழை என்றால் நொடிக்கு 45 டிகிரி வேகம் கேட்கும். இது அதிகமானால் நீங்கள் சொன்ன ஊஞ்சல் வரும், கொஞ்சம் இறக்குங்கள். ஆடாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நகர்கிறது என்றால் அது முடுக்கமானியைச் சமதளத்தில் வைத்து அளவு சரிசெய்யாதது.

ஜிபிஎஸ்ஸில் வட்டமடித்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் உடனே லெவல் மோடுக்கு மாற்றிக் கையால் இறக்குங்கள். அது திசைகாட்டிக் கோளாறு. ட்ரோன் வடக்கு என்று நினைப்பது வடக்கு இல்லை, ஒவ்வொரு திருத்தமும் கொஞ்சம் கோணலாகப் போய் வட்டமாகிறது. திசைகாட்டியைப் பேட்டரி ஒயரில் இருந்து தள்ளி, ஒரு கம்பத்தின் மேல் வைத்து, இரும்பு எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில் மறுபடி அளவு சரிசெய்யுங்கள். த்ராட்டிலை ஏற்றும்போது மட்டும் திசை தப்புகிறதா என்றும் பதிவில் பாருங்கள், அப்படியென்றால் பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் காந்தப்புலம் பெருமளவு குறையும்.